சைக்கிள் ஷூவில் நாற்றம்: காரணமும் போக்கும் முறையும்

பாதத்தில் சுரக்கும் வியர்வைக்கு, சுரந்த நேரத்தில் வாடை ஏதும் கிடையாது. அது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். ஆனால் இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை விடும் ஈரமும், உள்ளங்காலிலிருந்து உதிரும் தோல் துகளும் மூடிய ஷூவுக்குள் சேரும்போது, தோலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பெருகத் தொடங்குகின்றன. அவற்றுள் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்பது வியர்வையில் உள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவலேரிக் அமிலமாக மாற்றுகிறது. ஷூவைக் கழற்றியதும் மூக்கில் ஏறும் புளித்த, காரமான வாடை இதுதான். மிகச் சிறிய அளவில் இருந்தாலும் மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். பிரெவிபாக்டீரியம் என்னும் இன்னொரு வகை, கந்தகம் கலந்த மெத்தேன்தயால் வாயுவை வெளியிடுகிறது. அழுகிய முட்டைக்கோசை ஒத்த வாடை அதிலிருந்து வருகிறது. ஐரோப்பாவின் லிம்பர்கர் பாலாடைக்கட்டியின் மேற்புறத்தில் வளர்வதும் இதே இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாதான். மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் காம்பியே கொசு மனிதப் பாதத்தின் வாடைக்கும் அந்தப் பாலாடைக்கட்டியின் வாடைக்கும் ஒரே அளவில் ஈர்க்கப்படுகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர் பார்ட் நோல்ஸ் 1990களில் காட்டினார். மூன்றாவது, கைட்டோகாக்கஸ் செடென்டேரியஸ். இது தோலின் கெரட்டினையே கரைத்துத் தின்று, குதிகாலிலும் முன்பாதத்திலும் ஊசி குத்தியதுபோன்ற சிறு குழிகளை உண்டாக்கவல்லது. பிடிவாதமான நாற்றத்துக்குப் பல சமயம் இதுவே காரணம்.

இந்தப் பாக்டீரியாக்களுக்கு வெப்பம், உணவு, ஈரம் மூன்றும் வேண்டும். மிதிக்கும் காலுக்கு வெப்பத்தைத் தவிர்க்க முடியாது. உணவை, அதாவது வியர்வைப் படிவையும் தோல் துகளையும், கழுவிக் குறைக்கலாம். முழுமையாக நீக்கக்கூடியது ஈரம் ஒன்றுதான். பவுடர், தெளிப்பான், மூலிகை என்று எதைப் பயன்படுத்தினாலும், ஷூ ஈரமாக இருக்கும்வரை பலன் இரண்டு நாளைத் தாண்டாது.

சைக்கிள் ஷூ மற்ற ஷூக்களைவிட மோசமாக நாறுவதற்கு அதன் கட்டமைப்பே காரணம். நடக்கும் ஷூவின் அடிப்பாகம் ஒவ்வோர் அடிக்கும் வளைகிறது. அந்த வளைவில் உள்ளே இருக்கும் காற்று கொஞ்சமாவது வெளியேறி, புதுக் காற்று வருகிறது. சைக்கிள் ஷூவின் அடிப்பாகம் நைலானாலோ கார்பன் இழையாலோ ஆனது, வளையக் கூடாது என்றே செய்யப்பட்டது. பாதமும் உள்ளே அசையாமல் இறுகி நிற்கிறது. மேற்பகுதி செயற்கைத் தோல். சிறு வலைப்பின்னல் துண்டுகளைத் தவிர அதில் ஈரம் வெளியேற வழியில்லை. இவற்றோடு, ஷூவைப் பெடலில் மாட்டும் கிளீட்டைப் பொருத்தும் திருகுத் துளைகள் வேறு. முன்பாதத்துக்கு நேர் கீழே இருக்கும் அந்தத் துளைகள் வழியாகச் சாலைத் தண்ணீர் உள்ளே ஏறும். இரண்டு திருகுள்ள மலைச் சைக்கிள் ஷூக்களில் இன்சோலைத் தூக்கிப் பார்த்தால், கிளீட்டைப் பிடிக்கும் இரும்புத் தகட்டைச் சுற்றித் துருவும் கருத்த குழம்பும் படிந்திருப்பதைக் காணலாம். ஷூவின் வெளிப்புறம் பளிச்சென்று இருக்கும்போதே நாற்றம் வருகிறது என்றால் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான். புது ஷூவோடு வரும், அந்தத் தகட்டின் மேல் ஒட்டவேண்டிய நீர்புகா ஸ்டிக்கரைத் தேவையற்றது என்று பலர் எறிந்துவிடுகிறார்கள். அதை ஒட்டியே தீரவேண்டும்.

மேல்கோட்டைப் பாதையில் கால் நனையும் விதம்

மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம், ஜக்கனஹள்ளி வழியாக மேல்கோட்டைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மைசூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1939-இல் பிரிந்த மண்டியா மாவட்டத்தில் இன்று இருக்கும் இந்த ஊர், வைணவர்களுக்குத் திருநாராயணபுரம். இராமானுசர் பல ஆண்டுகள் தங்கிய தலம். மைசூர்ச் சைக்கிள்காரர்களுக்கோ அரை நாளில் போய்வரத் தோதான ஏற்றம். ஷூ எங்கே எப்படி ஈரமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பாதையே போதும்.

பாண்டவபுரம்வரை சாலை பெரும்பாலும் சமதளம். காவிரி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் பூமி. விடியற்காலையில் புறப்பட்டால் காற்று குளிர்ச்சியாகவே இருக்கும், வேகத்தில் ஷூவின் வலைப்பின்னல் வழியாகக் காற்றும் நுழையும். ஆனால் வயல்களிலிருந்து ஏறும் டிராக்டர்கள் சாலையில் சேற்றை இழுத்துவிடுகின்றன. முன்சக்கரம் அள்ளி வீசும் அந்தச் சேற்றுத் தண்ணீர் நேராக ஷூவின் முனையில் வந்து விழுகிறது. அதில் சாணமும் உரமும் கலந்திருக்கும். வியர்வை ஈரத்தைவிட இந்த ஈரம் மோசம். நுண்ணுயிரிகளையும் அவற்றின் உணவையும் ஒருசேரக் கொண்டுவருகிறது. முன்சக்கரத்துக்கு ஒரு மட்கார்டு போட்டால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும். மழைக்காலத்தில் ஷூவின்மேல் போடும் உறையைவிட மட்கார்டே மேல். உறை வெளித் தண்ணீரைத் தடுத்தாலும் உள் வியர்வையைப் பூட்டிவைத்துவிடுகிறது.

ஜக்கனஹள்ளியைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. உழைப்பு கூடுகிறது, வேகம் குறைகிறது. சமதளத்தில் ஷூவைக் குளிர்வித்த காற்று இப்போது இல்லை. சாக்ஸ் முழுமையாக நனைவது இந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்களில்தான். வெல்க்ரோ பட்டையையோ திருகு டயலையோ ஏற்றத்தில் ஓரளவு தளர்த்திக்கொள்வது பாதத்துக்கு இதம், ஈரத்துக்கும் வடிகால்.

மேலே சென்றதும் செல்வநாராயணர் கோயில், கல்யாணி தீர்த்தம், மலைமேல் யோக நரசிம்மர் சன்னிதி. எல்லாவற்றுக்கும் வெறுங்காலோடுதான் போகவேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்களின் ஷூ கெட்டுப்போகிறது. நனைந்த சாக்ஸை ஷூவுக்குள்ளேயே திணித்து, படியோரம் வெயிலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். திரும்பி வரும்போது, கல்யாணியில் நனைந்து, கல்படியின் புழுதி ஒட்டிய காலை அதே சாக்ஸில் நுழைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். சூடும் ஈரமும் புழுதியும் சேர்ந்து, வீடு வந்து சேர்வதற்குள் நாற்றம் நிலைபெற்றுவிடுகிறது.

இதைத் தவிர்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். கழற்றியதும் ஷூவின் நாக்கை நன்றாக வெளியே இழுத்து, பட்டைகளை முழுமையாகத் திறந்து, நிழலில் காற்றுப் படும் இடத்தில் வைக்கவேண்டும். சாக்ஸை உதறி, சைக்கிளின் ஹேண்டில்பாரில் தொங்கவிடலாம். ஒரு சிறிய துண்டும் ஒரு ஜோடி மாற்று சாக்ஸும் ஜெர்சிப் பையில் இடம்பிடிக்காது. மலையிலிருந்து இறங்கியதும் காலைத் துடைத்து, குறிப்பாக விரலிடுக்குகளைத் துடைத்து, உலர்ந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு புறப்பட்டால், திரும்பும் 50 கிலோமீட்டரில் பாதம் படும் பாடு பாதியாகக் குறையும். மேல்கோட்டைப் புளியோதரைக்காக உட்காரும் அரைமணி நேரத்திலும் ஷூவைக் கழற்றிவைப்பது நல்லது. வைரமுடி சேவைத் திருவிழா நடக்கும் பங்குனியில் கூட்டமும் வெயிலும் கூடுதல். அந்த நாட்களில் ஷூவைத் துணிப்பை ஒன்றில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது.

வீடு திரும்பிய முதல் ஒரு மணி நேரம்

நாற்றத்தின் போக்கைத் தீர்மானிப்பது இந்த ஒரு மணி நேரம். களைப்பில் ஷூவைக் கதவோரம் கழற்றிவிட்டுக் குளிக்கப் போய், மறுநாள்வரை அதைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் பொது வழக்கம். அதற்குள் பாக்டீரியாக்கள் பல தலைமுறை பெருகிவிடும்.

முதல் வேலை, இன்சோலை வெளியே எடுப்பது. சைக்கிள் ஷூக்களில் இன்சோல் பெரும்பாலும் ஒட்டப்படாமல், எடுத்துப் போடும் விதமாகவே இருக்கும். ஈரத்தின் பெரும்பங்கு அந்த நுரைத் துண்டில்தான் தங்குகிறது. அதைத் தனியே சுவரில் சாய்த்து நிறுத்தவேண்டும். பிறகு கசக்கிய செய்தித்தாளை ஷூவின் முனைவரை திணிக்கவேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் தாள் ஈரமாகிக் கனத்திருக்கும். அதை எறிந்துவிட்டு உலர்ந்த தாள் வைக்கவேண்டும். முதல் தாளை மாற்றாமல் இரவெல்லாம் விட்டால், உறிஞ்சிய ஈரம் ஷூவிலேயே தங்கிப்போகும். இரண்டாவது தாளையும் எடுத்தபின், மின்விசிறிக்கு எதிரே ஷூவின் வாய் காற்றைப் பார்க்கும்படி வைத்தால் காலைக்குள் காய்ந்துவிடும். மழையில் முழுக்க நனைந்த ஷூவுக்கு ஒரு முழு நாளோ அதற்கு மேலோ ஆகும்.

வெயிலில் காயவைக்கலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. இன்சோலையும் சாக்ஸையும் தாராளமாக வெயிலில் போடலாம். ஷூவை நேர் வெயிலில் வைக்கக் கூடாது. கார்பன் அடிப்பாகத்தையும் மேற்பகுதியையும் இணைப்பது பசை. வெப்பத்தில் அது இளகும், செயற்கைத் தோல் விறைத்து வெடிக்கும். சூரியனின் புற ஊதாக் கதிர் ஷூவின் முனைக்குள் எட்டுவதும் இல்லை. முடி உலர்த்தும் கருவியின் சூடான காற்று, அடுப்பங்கரை, வண்டியின் மூடிய டிக்கி எல்லாமே இதே காரணத்தால் ஆகாதவை.

கழுவும் முறை

வாரம் இரண்டு மூன்று நாள் ஓட்டுபவர் மாதம் ஒருமுறை ஷூவை உள்ளும் புறமும் கழுவினால் போதும். சேற்றில் நனைந்த நாளன்று மட்டும் காத்திருக்காமல் உடனே கழுவிவிடவேண்டும்.

வாஷிங் மெஷினில் போடுவது சரியல்ல. டிரம்மில் மோதி டயலும் பட்டையும் உடையும், கிளீட் டிரம்மைக் கீறும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்புத் திரவம் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பதே முறை. இன்சோலை எடுத்தபின் உட்புறத்தில் மூன்று இடங்களைக் கவனமாகத் தேய்க்கவேண்டும்: விரல்கள் இருக்கும் முனை, நாக்கின் அடிப்புறம், கிளீட் தகட்டைச் சுற்றிய பள்ளம். கிளீட்டைக் கழற்றுவதற்கு முன் அதன் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொள்ளவேண்டும். இல்லையென்றால் திரும்பப் பொருத்தும்போது கோணம் மாறி முழங்காலில் வலி வரும். திருகைத் திரும்பப் போடும்போது ஒரு துளி கிரீஸ் தடவினால் துரு பிடிக்காது.

சோப்பு மிச்சமில்லாமல் அலசுவது முக்கியம். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பு எளிதில் போகாது. நாலைந்து முறை அலசவேண்டியிருக்கும். தங்கிவிட்ட சோப்பு அழுக்கைப் பிடித்துவைக்கும், வியர்த்த தோலில் எரிச்சலும் தரும். பிளீச்சிங் திரவம் நாற்றத்தைக் கொல்லும் என்பது உண்மைதான், கூடவே தையல் நூலையும் பசையையும் நிறத்தையும் கொல்லும். அது வேண்டாம்.

சமையலறைப் பொருட்களும் மருந்துக்கடைப் பொருட்களும்

ஆப்ப சோடா என்று வழங்கும் சமையல் சோடா நம்பத் தகுந்தது, அதற்குக் காரணமும் உண்டு. ஐசோவலேரிக் அமிலம் சோடாவுடன் சேரும்போது உப்பாக மாறிவிடுகிறது. அந்த உப்பு காற்றில் ஆவியாவதில்லை, ஆகவே நாறுவதில்லை. காய்ந்த ஷூ ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி தூவி, முனைவரை பரவும்படி குலுக்கி, இரவெல்லாம் விட்டு, காலையில் நன்றாகத் தட்டிக் கொட்டவேண்டும். பழைய சாக்ஸில் சோடாவைப் போட்டு முடிந்து உள்ளே வைத்தால் கொட்டும் வேலையும் மிச்சம், வெல்க்ரோவிலும் டயலிலும் தூள் ஏறாது. நிஜத் தோல் ஷூவுக்கு இந்த முடிச்சு முறையே ஏற்றது. சோடாவின் காரத்தன்மை தோலை வறட்டிவிடும். பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் மாவுச்சத்தும் கலந்திருக்கும், அது பாக்டீரியாவுக்குத் தீனி.

வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து உட்புறத்தைத் துடைப்பது இன்னொரு வழி. அமிலச் சூழலில் பாக்டீரியாக்கள் தளர்ந்துபோகும். வினிகரின் வாடை உலர்ந்ததும் அகன்றுவிடும். சோடாவையும் வினிகரையும் ஒரே நேரத்தில் போடுவது வீண். நுரை பொங்கும், ஆனால் ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்துவிடும். ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

உடனடிப் பலனுக்கு 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் சிறந்தது. அதில் உள்ள தண்ணீர், ஆல்கஹால் பாக்டீரியாவின் புரதத்தைக் குலைக்க உதவுகிறது. அதனால் முழுச் செறிவு ஆல்கஹாலைவிட இதுவே நன்றாக வேலை செய்யும். கோவிட் காலத்தில் வாங்கிய, நீர்போல் இருக்கும் சானிடைசரும் ஆகும். கெட்டியான ஜெல் வகை பிசுபிசுப்பை விட்டுச்செல்லும். உட்புறம் ஈரமாகும் அளவுக்குத் தெளித்து, நெருப்பில்லாத இடத்தில் காயவிடவேண்டும்.

வெட்டிவேர், வேப்பிலை, கற்பூரம், சந்தனத் தூள் ஆகியவற்றை ஷூவில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கழுவிக் காய்ந்த ஷூவை அலமாரியில் வைக்கும்போது வெட்டிவேர் முடிச்சு ஒன்றைப் போட்டுவைப்பது மணத்துக்கு நல்லது. நாறும் ஷூவில் போட்டால் இரண்டு வாடையும் கலந்து முன்னிலும் மோசமாகும். கடையில் விற்கும் வாசனைத் தெளிப்பான்களுக்கும் இது பொருந்தும். கரித்தூள் பைகளும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் காய்ந்த ஷூவைக் காய்ந்தபடியே வைத்திருக்க உதவும். சிலிக்கா ஜெல் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத்தான் பிடிக்கும் என்பதால், ஓட்டி முடித்த ஷூவைக் காயவைக்க அது போதாது.

ஷூவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரீசரில் வைக்கும் யோசனையால் பயனில்லை. குளிரில் இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் சாவதில்லை, உறங்குகின்றன. கால் சூடு பட்டதும் விழித்துக்கொள்ளும்.

புற ஊதா விளக்கு

புற ஊதாக் கதிரால் ஷூ நாற்றத்தைப் போக்குவது பற்றி இந்தியாவிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் ஷிவ் நாடார் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புத் துறை ஆசிரியர் விகாஷ் குமாரும் அவரது மாணவர் சார்த்தக் மித்தலும், விடுதி அறைகளுக்கு வெளியே மாணவர்கள் ஷூக்களை விட்டுவைப்பதைக் கவனித்தார்கள். ஷூ அலமாரியில் இடம் இல்லாததுதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். விசாரித்தபோது நாற்றம்தான் காரணம் என்று தெரிந்தது. 149 மாணவர்களிடம் கருத்துக் கேட்டதில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் ஷூ நாற்றத்தாலோ பிறர் ஷூ நாற்றத்தாலோ கூச்சம் அடைந்ததாகச் சொன்னார்கள். விளையாட்டு வீரர்களின் ஷூக்களைச் சோதித்தபோது, பாக்டீரியா மிகுதியாகச் சேர்வது விரல் முனைப் பகுதியில் என்று தெரிந்தது. அந்த இடத்தில் புற ஊதா-சி கதிரை இரண்டு மூன்று நிமிடம் பாய்ச்சினாலே கைட்டோகாக்கஸ் அழிந்து நாற்றம் அகன்றது. நேரத்தை நீட்டியபோது ஷூ சூடாகி, ரப்பர் கருகும் வாடை வந்தது. இந்த ஆய்வுக்கு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2025-இல் கிடைத்தது. சைக்கிள்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியவை இரண்டு: எந்த மருந்தும் முனைவரை சென்று சேரவேண்டும், விளக்கு வாங்கினால் குறைந்த நேரமே போதும். புற ஊதா-சி கதிர் கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல், ஆகவே மூடிய பெட்டிக்குள் எரியும் வகையை மட்டுமே வாங்கவேண்டும்.

சாக்ஸும் பாதமும்

ஷூவை எவ்வளவு கழுவினாலும் பாதத்தையும் சாக்ஸையும் கவனிக்காவிட்டால் அடுத்த ஓட்டத்திலேயே நாற்றம் திரும்பிவிடும். பருத்திச் சாக்ஸ் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் விடாது. பாலியெஸ்டர் விரைவில் காயும், ஆனால் வியர்வை எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொண்டு துவைத்த பிறகும் வாடையை வைத்திருக்கும். விலை கூடுதலானாலும் மெரினோ கம்பளி கலந்த மெல்லிய சாக்ஸ் இரண்டு குறையையும் குறைக்கிறது. எந்தச் சாக்ஸானாலும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் துவைத்து வெயிலில் போடவேண்டும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் ஈரம் உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைப்பது அடிப்படை. அதிகம் வியர்க்கும் கால்களுக்குப் படிகாரம் கரைத்த தண்ணீரிலோ சர்க்கரை சேர்க்காத கடுந்தேநீரிலோ இருபது முப்பது நிமிடம் காலை வைத்திருக்கலாம். படிகாரமும் தேநீரின் டானினும் தோலைச் சுருக்கி வியர்வையைக் குறைக்கும். அதுவும் போதாதபோது அலுமினியம் குளோரைடு கலந்த மருந்தை மருத்துவர் சொற்படி இரவில், உலர்ந்த காலில் தடவலாம். உள்ளங்காலில் சிறு குழிகள் தெரிந்தாலோ, விரலிடுக்கு வெளுத்து உரிந்து அரித்தாலோ, அது ஷூ பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. முதலாவது பாக்டீரியாத் தொற்று, இரண்டாவது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, ஆகவே தோல் மருத்துவரைப் பார்த்துவிடுவதே சரி. நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் பாதத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். உணர்வு குன்றிய பாதத்தில் புண் தெரியாமலேயே வளரும். கடுந்தேநீர், படிகாரம் முதலிய கைவைத்தியம் அவர்களுக்கு வேண்டாம்.

இன்சோல் மாற்றுவதும் ஷூவைக் கைவிடுவதும்

இன்சோலே மிக மலிவான பழுது. கழுவி, காயவைத்து, சோடா போட்ட பிறகும் இன்சோலை மூக்கருகே கொண்டுவந்தால் வாடை வருகிறதென்றால் அதை மாற்றிவிடலாம். மேல்கோட்டைபோல ஏற்றமும் வெயிலும் உள்ள பாதைகளில் வாராவாரம் ஓட்டுபவருக்கு ஆண்டுக்கு ஒரு ஜோடி நியாயமான கணக்கு. பிரெவே என்னும் 200 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டங்களில் 13 மணி 30 நிமிடம்வரை கெடு இருப்பதால் கால் நாள் முழுதும் ஷூவுக்குள் இருக்கும். அப்படி ஓட்டுபவர்கள் இரண்டு ஜோடி இன்சோல் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது சிக்கனமானது. இரண்டு ஜோடி ஷூவே இருந்தால் இன்னும் நல்லது, ஒவ்வொன்றும் ஒரு முழு நாள் காயும்.

புது இன்சோல் போட்டு, உட்புறத்தை ஆல்கஹாலால் துடைத்து, மூன்று நாள் காயவைத்த பிறகும் நாற்றம் வருகிறதென்றால், அது குதிகால் பஞ்சுக்குள்ளும் தையலுக்குள்ளும் ஊறிவிட்டது. அடிப்பாகத்துக்கும் மேற்பகுதிக்கும் இடையே பசை விட்டு, கருத்த கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த இடுக்கிலும் தேங்குகிறது என்று பொருள். அந்த நிலையில் கிளீட், திருகு, டயல், பட்டை ஆகியவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஷூவைக் கைவிடலாம். கிளீட்டைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் காயவைத்தால், தேயாமல் இருக்கும்பட்சத்தில் அடுத்த ஷூவுக்கே போடலாம்.